அவனுக்காக நான் அனுப்பிய பூஜ்யம்

இந்த வார இறுதியில் எத்தனை கிளாஸ் குடிப்பதாக இருக்கிறீர்கள் என்று ஒரு மருத்துவமனை என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆனால் போதும், கைப்பேசியில் கேள்வி வந்துவிடும். நானும் பதில் அனுப்பிக்கொண்டிருந்தேன். எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இருமல் மருந்தைத் தவிர வேறெதிலும் நான் ஆல்கஹாலைத் தொட்டதில்லை. கேள்வி எனக்கானது அல்ல. எங்கள் மாடியில் குடியிருக்கும் பையனுக்கானது. அவனுக்கு வந்த கேள்விகளை அவனுக்குத் தெரியாமல் வாங்கி, நானே பதில் போட்டுக்கொண்டிருந்தேன். நான் செய்தது இதுதான். எப்படிச் செய்தேன் என்று சொல்லத்தான் கொஞ்சம் நேரமாகும்.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலிலிருந்து உள்ளே திரும்பும் தெருக்களில் ஒன்றில் எங்கள் வீடு. நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவன். மனைவி கணக்கு டீச்சர். பிள்ளைகள் வெளிநாட்டில் நிலைத்துவிட்ட பிறகு மாடிப் போர்ஷன் சும்மா கிடந்தது. அதைக் கேட்டுப் பல பேர் வந்தார்கள். எல்லோரிடமும் நான் முதலில் கேட்ட கேள்வி, "குடிப்பழக்கம் உண்டா?" என்பது. எல்லோரும் "சேச்சே" என்றார்கள். இவன் மட்டும் கொஞ்சம் யோசித்து, "வீக் எண்ட்ல உண்டு சார்" என்றான்.

அந்தப் பதிலுக்காகவே நான் அவனைத் திருப்பி அனுப்ப இருந்தேன். அதே பதிலுக்காக என் மனைவி அவனுக்கு வீட்டைக் கொடுத்தாள். "உண்மையைச் சொல்றவன் இவன் ஒருத்தன்தாங்க வந்திருக்கான்" என்றாள்.

கோவளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவக் குப்பம் அவனுக்கு. அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா மீன் விற்கிறவர். அவன் பெருங்குடியில் ஓர் அலுவலகத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யார் யாருடைய புகார்களுக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தான். வந்த சில வாரங்களிலேயே வீட்டில் பாதி வேலை அவன் கைக்குப் போய்விட்டது. மோட்டார் ஓடாவிட்டால் அவன்தான் வருவான். சிலிண்டரை உள்ளே தூக்கி வைப்பான். என் மனைவியைக் கண் மருத்துவரிடம் பைக்கில் கூட்டிப் போவான். அவளும் அவனை அப்படித் தாங்கினாள். ஆனால் அவள் மீன் குழம்பை மட்டும் அவனால் மன்னிக்க முடியவில்லை.

"மீனு ஏற்கெனவே செத்துட்ச்சு ஆன்ட்டி. அத்த இன்னொரு வாட்டி கொதிக்க வச்சு ஏன் சாவடிக்கிறீங்க?"

"அப்ப நீயே வந்து வைடா."

"வைக்கிறேன். இந்தக் கரண்டிய குடுத்துட்டு நீங்க போய் சீரியல் பாருங்க."

வைத்தும் கொடுத்தான். என் மனைவி ஒரு வாரம் அந்தக் குழம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

திங்கள் முதல் வியாழன் வரை அவன் ஒரு சொட்டுத் தொடமாட்டான். வெள்ளிக்கிழமை அலுவலக நண்பர்களோடு உட்கார்ந்தால் ஞாயிறு வரைக்கும் அதே வேலை. ஒருமுறை அவனிடமே கேட்டேன். அவனிடம் இதற்கு ஒரு தத்துவம் இருந்தது. "தெனம் தெனம் கொஞ்சூண்டு அடிக்கிறான் பாருங்க, அவன்தான் சார் குடிகாரன். நாங்கல்லாம் என்னிக்கோ ஒரு நாள். அடிச்சா முட்ட அடிப்போம், அவ்ளோதான்." முட்ட அடிப்பதில்தான் ஆபத்து என்று வேதியியல் வாத்தியாராக அவனுக்கு நான் விளக்கியிருக்கலாம். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் சர்ச் ஆராதனைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தபோது, மாடிப்படியின் கீழே அவன் உட்கார்ந்திருந்தான். தாடையில் துண்டை அழுத்திப் பிடித்திருந்தான். துண்டு முழுக்க ரத்தம். முந்தின நாள் இரவு செம்பாக்கம் வளைவில் பைக்கோடு விழுந்திருக்கிறான். நண்பர்கள் கொண்டுவந்து படியில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பைக் எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை. போனும் இல்லை.

என் மனைவி கையிலிருந்த வேதப்புத்தகத்தை ஷூ ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிடப் போனாள்.

தாம்பரத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் மருத்துவமனையில் தையல் போட்டார்கள். போட்டு முடித்தபின் ஒரு நர்ஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேத்து எவ்வளவு குடிச்சீங்க?"

"ஞாபகம் இல்ல சிஸ்டர்."

அவள் திட்டவில்லை. தங்களிடம் இளவயதுக்காரர்களுக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது என்றாள். வெள்ளிக்கிழமை ஒரு மெசேஜ் வரும். எத்தனை குடிக்கப் போகிறாய் என்று கேட்கும். நீ ஒரு எண்ணை அனுப்பவேண்டும். ஞாயிற்றுக்கிழமை, உண்மையில் எத்தனை ஆனது என்று கேட்கும். அதற்கும் ஒரு எண். "குடிக்காதேன்னு சொல்லமாட்டோம். நீங்க சொல்ற எண்ணை வச்சு அடுத்து என்ன பண்ணலாம்னு அதுவே கேக்கும். இஷ்டம் இருந்தா மட்டும் சேருங்க."

அவன் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "கேக்கச் சொல்லுங்க சிஸ்டர். எங்கம்மா திட்டும், சார் முறைப்பாரு. எத்தனைன்னு ஒருத்தரும் கேட்டதில்ல."

போன் நம்பர் வேண்டும் என்றாள். அவனிடம்தான் போன் இல்லையே. "இப்போதைக்கு சார் நம்பர் குடுங்க. புது போன் வாங்கினதும் வந்து மாத்திக்கலாம்" என்றாள். நான் என் எண்ணைச் சொன்னேன். ஒவ்வோர் இலக்கமாக நானே நிறுத்திச் சொன்னேன்.

முதல் செய்தி வந்தபோது அதை அவனிடம் காட்டத்தான் எழுந்தேன். மாடிப்படியில் ஒரு கால் வைத்தும்விட்டேன். ஏறுவதற்கு முன் இன்னொரு தடவை படித்தேன். "வணக்கம். இந்த வார இறுதியில் எத்தனை கிளாஸோடு நிறுத்திக்கொள்ள நினைக்கிறீர்கள்? ஒரு எண்ணை அனுப்புங்கள்." எனக்கு அது, நாளைக்கு எத்தனை பொய் சொல்வதாக இருக்கிறாய் என்று கேட்பதுபோல் பட்டது. நான்கு என்று அவன் சொன்னால்? நான்கு கிளாஸுக்கு என் கையாலேயே அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்ததாகாதா?

நான் எங்கள் சபையில் மதுவிலக்குக் குழுவின் செயலாளராக நெடுங்காலம் இருந்தவன். வருடத்தில் ஒரு ஞாயிறு, இளைஞர்களை எழுந்து நிற்கச் சொல்லி, வலது கையை உயர்த்தச் சொல்லி, உறுதிமொழி வாங்குவேன். தொடமாட்டேன் என்பதுதான் உறுதிமொழி. இரண்டோடு நிறுத்துவேன் என்று யாரும் கை தூக்கியதில்லை. அப்படி ஒரு கை தூக்க நாங்கள் இடமும் வைக்கவில்லை.

இன்னொரு பழக்கமும் எங்களிடம் உண்டு. ஜெபக் கூட்டங்களில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், காய்ச்சல் போகவேண்டும் என்று மட்டும் வேண்டமாட்டோம். போய்விட்டது என்று வாயால் அறிக்கையிடுவோம். இன்னும் நடக்காததை நடந்ததாகச் சொல்வதுதான் விசுவாசம். நோயாளி தெர்மாமீட்டரை வாயில் வைத்துக்கொண்டே "சுகமாயிட்டேன்" என்பார். அதில் எனக்கு ஒருபோதும் முரண் தெரிந்ததில்லை.

படியிலிருந்து காலை எடுத்தேன். 0 என்று அடித்து அனுப்பினேன். அவன் சார்பில் ஒரு விசுவாச அறிக்கை செய்துவிட்டதாக நினைத்தேன். "அருமை. வாழ்த்துக்கள்" என்று உடனே பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எத்தனை ஆனது என்று கேட்டது. அன்று அவன் கண் சிவந்து, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் படுத்துக்கிடந்தான். அதற்கும் 0 அனுப்பினேன்.

இதுவரை செய்ததைக்கூட அறியாமை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அடுத்ததை அப்படிச் சொல்ல வழியில்லை. அவன் பைக்கை மீட்டுச் சரிசெய்த கையோடு புது போனும் வாங்கிக்கொண்டு வந்து, கவரைப் பிரித்து என் மனைவியிடம் காட்டிக்கொண்டிருந்தான். என் பக்கம் திரும்பி, "சார், ஆஸ்பத்திரியிலேர்ந்து எதுனா மெசேஜ் வந்துச்சா?" என்று கேட்டான்.

"இல்லையேப்பா" என்றேன்.

"மறந்துட்டாங்க போல" என்று சிரித்தான். "அவங்களுக்கு எத்தினி பேரோ." போனைக் கவரில் திரும்பப் போட்டுக்கொண்டு மேலே போனான். நேரில் போய் விசாரிப்பான் என்று பயந்தேன். அவன் போகவில்லை. தன்னை மறந்துவிட்டவர்களிடம் போய் நினைவூட்டுகிற பழக்கம் அவனுக்கு இல்லை.

செய்திகள் தொடர்ந்து வந்தன. எண்ணைக் கேட்பதோடு சில வாரங்களில் ஒரு வரி யோசனையும் வரும். உட்காருவதற்கு முன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள். ஒரு கிளாஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். வண்டிச் சாவியை முதலிலேயே குடிக்காத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். எல்லாம் நல்ல யோசனைகள். வேதியியல் தெரிந்தவனுக்கு அது தெரியாமல் இருக்காது. சிட்லபாக்கம் ஏரியைச் சுற்றி நடக்கும்போது பெஞ்சில் உட்கார்ந்து அவற்றைப் படிப்பேன். குடிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று முணுமுணுப்பேன். ஆனால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வெள்ளிக்கிழமை மாலை அந்தச் செய்தி வர நேரமானால் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். வாராவாரம் என்னை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. "உங்கள் மன உறுதி தொடரட்டும்" என்று ஒருமுறை வந்தது. எனக்கே வந்ததாக எண்ணி மகிழ்ந்தேன்.

அந்த மாதங்களில் அவன் இரண்டு முறை அலுவலகத்தில் கண்டிக்கப்பட்டான். ஒருமுறை மாடிப்படியிலேயே உருண்டான். என் மனைவி அடுப்படியிலிருந்து மாடிக்கு மோர் சுமந்தாள்.

ஒரு நாள் அவன் அம்மா வந்தார். எப்போது வந்தாலும் எங்களுக்கென்று மீன் கொண்டுவருவார், அன்றைக்கு நெத்திலி. அவன் அலுவலகத்தில் இருந்தான். என் மனைவி மீனை உள்ளே எடுத்துப்போக, அவர் வாசலோரமாகத் தரையில் உட்கார்ந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

"புள்ள இன்னா சார், இன்னும் அப்டித்தான் கீறானா?"

நான் ஏதோ சொல்லி மழுப்பினேன்.

"ஆஸ்பத்திரில போன்ல கேப்பாங்கமா, நான் சொல்லுவேன், கம்மி பண்ணிக்குவேன்னான். நானும் நம்பிகினு இருந்தேன். ஒருத்தரும் கேக்கலியாம் சார். கேட்டுர்ந்தா சொல்லிர்ப்பான். அவன் குடிப்பான், பொய் மட்டும் சொல்லமாட்டான்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நம்மளாண்ட யாரு கேப்பாங்க, சொல்லுங்க."

என் போன் சட்டைப் பையில் இருந்தது. அதை எடுத்து அவரிடம் நீட்ட எனக்குத் துணிவு வரவில்லை. பஸ் ஸ்டாப் வரை கூட நடந்து வழியனுப்பிவிட்டு வந்தேன். வழியெல்லாம் அவர்தான் பேசினார்.

உண்மை வெளியே வந்தது என் மனைவியால். மின்கட்டணம் கட்ட என் போனை எடுத்தவள், அப்போது வந்த ஒரு செய்தியைப் பார்த்துவிட்டாள். தொடர்ந்து பூஜ்யம் பதிவு செய்திருப்பதால் இந்த உதவி உங்களுக்கு இனித் தேவைப்படாது என்று கருதுகிறோம். தொடர விரும்பினால் 'ஆம்' என்று அனுப்புங்கள். அவள் விரலால் மேலே தள்ளிக்கொண்டே போனாள். எல்லாவற்றையும் படித்தாள். விடைத்தாள் திருத்தும்போது அவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

"அவன்கிட்ட கேட்டீங்களா?"

"இல்ல."

"வரலைன்னு சொன்னீங்களே, அன்னைக்கு. நானும் பக்கத்துலதானே நின்னேன்."

நான் விசுவாசம், அறிக்கை என்று தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பரீட்சை எழுத வந்தவனை வெளியே நிறுத்திட்டு நீங்க உள்ள போய் எழுதியிருக்கீங்க. எழுதி, பாஸும் ஆயிட்டீங்க. அவன் மாடியில கிடக்கிறான்." போனை என் கையில் வைத்தாள். "முதல்ல ஆம்னு அனுப்புங்க. அப்புறம் மேல போங்க. நான் வரமாட்டேன். நீங்களே போங்க."

அவன் துணி துவைத்துக்கொண்டிருந்தான். சோப்பு நுரைக் கையோடு, "வாங்க சார், தண்ணி வரலையா?" என்றான். நான் போனை நீட்டி, விஷயத்தைச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அது ஒன்றைத்தான் அன்று சரியாகச் செய்தேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, முதல் செய்தியிலிருந்து படித்தான். நடுவில் ஒரு இடத்தில் சிரித்தான்.

"மன உறுதி தொடரட்டுமாம். யாரு, நானா? அன்னிக்குத்தான் சார் படிக்கட்டுல உருண்டேன்."

பிறகு சிரிப்புப் போய்விட்டது. "நான் உங்களாண்ட கேட்டேன் சார். வரலன்னு சொன்னீங்க."

"ஆமாம்ப்பா."

"என்னை வுட்ருங்க. அம்மாவும் கேட்டுச்சா உங்களாண்ட?"

"கேட்டாங்க."

"அதுக்கும் ஒண்ணும் சொல்லல."

"சொல்லல."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துவைக்கத் திரும்பினான். நான் இறங்கி வந்தேன்.

அந்த வாரம் அவன் கீழே வரவில்லை. என் மனைவி கொடுத்தனுப்பிய கிண்ணத்தைக் கழுவிப் படியில் வைத்திருந்தான். காலியாக. அதுவரை ஒரு வாழைப்பழமாவது போடாமல் அவன் கிண்ணத்தைத் திருப்பித் தந்ததில்லை. வீட்டைக் காலி செய்துவிடுவான் என்றே நினைத்தேன். என் மனைவி என்னோடும் அதிகம் பேசவில்லை. நான் மருத்துவமனைக்குப் போய் அந்த நர்ஸிடமும் நடந்ததைச் சொன்னேன். அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "நீங்க நல்லதுன்னு நெனச்சு செஞ்சிருப்பீங்க. ஆனா அவர் சொல்ற எண்தான் சார் எங்களுக்கு மருந்து. தப்பான எண்ணா இருந்தாலும் அது அவரோடதா இருக்கணும்" என்றாள். போன் எண்ணை மாற்றிக்கொள்ள அவனையே வரச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை வந்தது, செய்தியும் வந்தது. அந்த முறை நான் படி ஏறிவிட்டேன். அவன் வெளியே கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். கதவுக்கு வெளியிலேயே நின்று, "செய்தி வந்திருக்குப்பா. நர்ஸ் உன்னை வரச் சொன்னாங்க, உன் நம்பருக்கு மாத்திடலாம்" என்றேன்.

அவன் பட்டனைப் போட்டு முடித்தான். பிறகு சொன்னான். "மாத்த வேணாம் சார். என் போன்ல வந்தா நான் பாக்கவே மாட்டேன். ஆபர், லோன், கேம், அந்தக் குப்பையோட குப்பையா போயிடும். உங்க போன்லயே வரட்டும். நீங்க மேல வந்து கேளுங்க."

"சரிப்பா."

"ஒண்ணு. நான் எத்தனை சொன்னாலும் மூஞ்சியக் காட்டக்கூடாது."

"சரி."

"இப்பவே காட்டறீங்க."

"என் மூஞ்சியே அப்படித்தான்டா" என்றேன். அவன் சிரிக்கவில்லை, ஆனால் சட்டைக் காலரைச் சரிசெய்யும் சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எத்தனை?" என்று கேட்டேன்.

"நாலு."

4 என்று அடிக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அவன் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டான். இனி அவன் பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை என்று அன்றே எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கேட்டபோது "ஏழு" என்றான். ஏழு அனுப்பினேன். என் பூஜ்யங்களுக்கெல்லாம் வாழ்த்துச் சொன்ன அந்த இயந்திரம், ஏழுக்கு வேறொரு பதில் அனுப்பியது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி. எந்த இடத்தில் நிறுத்த முடியாமல் போனது என்று நினைக்கிறீர்கள்? அத்தனை மாதங்களில் அது என்னிடம் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வி அது. கேட்க நான் இடம் கொடுக்கவில்லை.

அவன் மொட்டைமாடிச் சுவரில் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தான். "மூணாவதுக்கு அப்புறம் யாரும் சாப்ட மாட்டோம் சார். தட்டு ஓரமாப் போயிடும். அங்கதான்" என்றான். அவன் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். எழுபது தாண்டிய மதுவிலக்குச் செயலாளரான நான், மதுக்கடையில் எந்த நேரத்தில் தட்டு ஓரமாகப் போகிறது என்பதை எழுத்துப்பிழை இல்லாமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அடுத்த வாரம் அவன் கிளம்பும்போது என் மனைவி எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுத்தாள். "மூணாவதுக்கு அப்புறம் திற" என்றாள்.

அவன் குடியை விட்டுவிட்டான் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து, நான்கு, எட்டு, நான்கு என்று போயிற்று. எட்டு என்று சொன்ன அன்று அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் வண்டிச் சாவியை வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போகத் தொடங்கினான். சபையில் அந்த வருட உறுதிமொழி ஞாயிறுக்கு என்னைக் கூப்பிட்டபோது, வேறு யாரையாவது நடத்தச் சொன்னேன். காரணம் கேட்டார்கள். ஒரு நாள் விவரமாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்காக நாங்கள் இருவரும் நாகர்கோவிலுக்குக் கிளம்பினோம். வெள்ளிக்கிழமை மாலை. தாம்பரத்தில் ரயிலேறிப் பெட்டிகளை அடுக்கும் அவசரத்தில் நான் போனைப் பார்க்கவில்லை. எதிர் இருக்கையில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு அம்மையார். அவரும் அதே கல்யாணத்துக்கு வருகிறவர். வண்டி நகர்ந்ததும் போன் அடித்தது. மாடிப் பையன்.

"சார், நீங்க கேக்கவே இல்ல."

"என்னதுப்பா?"

"இன்னிக்கு வெள்ளிக்கிழம சார். பசங்க கீழ வெயிட் பண்றாங்க. கேளுங்க, சொல்லிட்டுப் போறேன்."

வண்டிச் சத்தத்தில் அவனுக்கு நான் பேசுவது கேட்கவில்லை. இரண்டாம் முறை உரக்கக் கேட்கவேண்டியிருந்தது. "எத்தனை கிளாஸ்ப்பா? மூணா, நாலா?"

எதிரே இருந்த அம்மையார் மடியிலிருந்த பத்திரிகையைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்; அவள் தோள் குலுங்கியது.

"மூணு சார். போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"படிச்சுக் காட்டுங்க."

"மூணு" என்று படித்துக் காட்டினேன். அம்மையாருக்கு நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டுப் பந்திக்கு நடுவில் அவனே கூப்பிட்டான். ஐந்து ஆகிவிட்டது என்றான். இலையை விட்டு எழுந்து, கைகழுவும் இடத்தில் நின்று, ஐந்து என்று அனுப்பினேன். எங்கே தவறியது என்று கேள்வி வந்தது. அதை அவனுக்குப் படித்துக் காட்டிவிட்டு, அவன் யோசித்து முடிக்கும் வரை போனைக் காதில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தேன்.